தொட்டுக் கற்கும் கல்வி

(கல்விக் கழக வெள்ளி விழாவின் கல்வி அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கழகம் தளராமல் நடைபெறுவது எளிய செயலன்று. பிறர் கட்டிய பள்ளியில் இடம் கேட்டு நின்ற மக்கள், தம் பிள்ளைகளின் கல்வியைத் தாமே கவனிக்கக் கழகம் கண்டனர். அவ்வுழைப்பைப் பாராட்ட நாம் இன்று கூடியுள்ளோம். ஆயினும் பாராட்டுரையோடு அமைய நாம் விரும்பவில்லை. தொடக்கப் பள்ளியில் நம் குழந்தைகள் எவ்வாறு கற்கின்றனர், எவ்வாறு கற்றல் வேண்டும் என்பதைப் பற்றிச் சில கருத்துகளை உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

ஆசிரியர் கூட்டத்தில் பேசவேண்டிய பொருளை ஊர்க் கூட்டத்தில் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். காரணம் உண்டு. பள்ளியில் புளியங்கொட்டை எண்ணுவதையும், களிமண் பிசைவதையும், முளைவிட்ட பயற்றை அளப்பதையும் காணும் பெற்றோர் நம்மிடம் வந்து இரண்டு வினாக்கள் தொடுக்கின்றனர். "பிள்ளை விளையாடிக்கொண்டே இருக்கிறதே ஐயா, படிப்பது எப்போது?" என்பது ஒன்று. மற்றொன்று இதனினும் ஆழமானது. "எங்கள் கை சேற்றில் கிடந்தது போதாதா? எழுத்துப் படிக்க அனுப்பினால் நீங்களும் மண்ணையே கையில் கொடுக்கிறீர்களே" என்பது அது. இவ்விரண்டாம் வினாவை அறியாமை என்று ஒதுக்கிவிடல் ஆகாது. பல தலைமுறைகளின் துயரம் அதனுள் பேசுகின்றது. அதற்கு விடை கூறாமல் செயல்வழிக் கல்வியைப் பற்றி நம் மக்களிடம் பேச எவருக்கும் உரிமையில்லை.

தொடக்கூடாத கை

அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளி நாள்களைப் பற்றி எழுதியுள்ளார். வகுப்பில் ஏனைய மாணவரோடு அமர அவர்க்கு இடமில்லை. தனியே ஒரு சாக்குத் துண்டின்மீது அமர்ந்தார். நீர் வேட்கை உண்டாயின் தாமே குழாயைத் திறக்க அவர்க்கு அனுமதியில்லை. பள்ளிப் பணியாள் வந்து திறந்தாலன்றி அவர்க்கு நீரில்லை. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் அவரை அழைத்தபோது, பலகைக்குப் பின்னே வைத்திருந்த தம் உணவுப் பெட்டிகள் தீட்டுப்படும் என்று ஏனைய மாணவர் ஓடிச்சென்று அவற்றை அகற்றியதாக அவர்தம் வாழ்க்கை வரலாறு கூறுகின்றது.

இந்நிகழ்ச்சிகளில் மறுக்கப்பட்டது யாது? பாடம் மறுக்கப்படவில்லை, ஆசிரியரின் குரல் அவர் செவிக்கு எட்டியது. மறுக்கப்பட்டது தொடுதல். குழாயைத் தொடக்கூடாது, பாயைத் தொடக்கூடாது, பலகையைத் தொடக்கூடாது. 'நீ கேட்கலாம், தொடலாகாது' என்பதே தீண்டாமை வகுத்த கல்வி முறை. ஆதலின், பொருள்களைக் குழந்தை தன் கையால் தொட்டும், பிரித்தும், சேர்த்தும், அளந்தும் கற்கும் முறையானது பிற சமுதாயத்தார்க்கு ஒரு நல்ல பயிற்று முறை மட்டுமே. நமக்கோ அஃது உரிமைப் பொருள்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியை இளைஞர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கு நகரின் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பயின்றார். அங்கு அவர்க்கு ஆசிரியராய் அமைந்தவருள் ஒருவர் ஜான் டூயி. செய்து கற்றல் என்னும் கொள்கையை உலகறியச் செய்த பேரறிஞர் அவரே. 1936இல் வெளிவந்த 'சாதியை ஒழித்தல்' என்னும் நூலில், டூயி தம் ஆசிரியர் என்றும், அவர்க்குத் தாம் பெரிதும் கடமைப்பட்டவர் என்றும் அண்ணல் குறிப்பிடுகின்றார்.

டூயி 1896இல் சிகாகோ பல்கலைக் கழகத்தில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அங்குக் குழந்தைகள் சமைத்தனர், தச்சு வேலை செய்தனர், நூல் நூற்றனர். ஒருமுறை அவர்களிடம் பருத்திக் காய்களைக் கொடுத்துக் கையாலேயே கொட்டை நீக்கச் செய்தனர். அரைமணி நேரம் முயன்றும் ஓர் அவுன்சு பஞ்சுகூடக் கிடைக்கவில்லை. ஆட்டு மயிரையோ எளிதில் பிரிக்க முடிந்தது. தம் முன்னோர் பருத்தி ஆடையைவிடக் கம்பளி ஆடையையே மிகுதியாக உடுத்தியது ஏன் என்பது அக்குழந்தைகளுக்குத் தாமாகவே விளங்கிற்று. அங்கிருந்து கொட்டை நீக்கும் பொறியின் வரலாற்றுக்கும், நெசவுத் தொழிலின் வளர்ச்சிக்கும் பாடம் விரிந்தது. அப்பிள்ளைகளைப் பஞ்சுத் தொழிலாளராக்குவது டூயியின் நோக்கமன்று. பஞ்சின் வழியாக உலகை அறியச் செய்வதே நோக்கம். இவ்வேறுபாட்டை நாம் உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும்.

குலத்தொழிலும் கைச்செயலும்

நம் நாட்டில் 'கைவேலை' என்னும் பெயரால் வந்தவை யாவும் இத்தகையன அல்ல. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வி, நூற்பு முதலிய கைத்தொழில் ஒன்றை நடுவாக வைத்துப் பாடங்களை அமைத்தது. எல்லாப் பிள்ளைகளும் தக்களி பிடித்தல் வேண்டும் என்ற அளவில் அதில் ஒரு சமத்துவம் இருந்தது. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு கொணர்ந்த திட்டமோ வேறு வகையது. சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் செய்யும் தொழிலில் பழகவேண்டும் என்பது அத்திட்டம். செருப்புத் தைப்பவர் மகன் தோலிடமும், பண்ணையாள் மகன் சேற்றிடமும் அன்றோ அனுப்பப்படுவர்? எனவேதான் பெரியார் உள்ளிட்டோர் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று சாடினர். 1954இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற காமராசர் அதனைக் கைவிட்டார்.

ஆதலின் நம் பெற்றோர் கைவேலை என்ற சொல்லைக் கேட்டதும் ஐயுறுவது இயல்பே. அந்த ஐயத்தைத் தீர்க்க மூன்று வினாக்களை உரைகல்லாகக் கொள்ளலாம். முதலாவது, இச்செயலை வகுப்பிலுள்ள எல்லாக் குழந்தைகளும் செய்கின்றனரா, அன்றிச் சிலர் மட்டுமா? இரண்டாவது, செய்து முடித்தபின் குழந்தைக்கு முன்பு தெரியாத ஒன்று தெரிகின்றதா? மூன்றாவது, இச்செயல் குழந்தையின் எதிர்கால வழிகளைத் திறக்கின்றதா, மூடுகின்றதா?

வகுப்பறையை எல்லாப் பிள்ளைகளும் பெயர் வரிசைப்படி முறைவைத்துக் கூட்டினால் அது பொதுப்பண்புப் பயிற்சி. காலனியிலிருந்து வரும் பிள்ளைகள் கையில் மட்டும் துடைப்பம் தரப்பட்டால் அது தீண்டாமை. கழிப்பறை தூய்மை செய்யும் வேலையை எந்தக் குழந்தைக்கும் தருதல் ஆகாது. அதுபோலவே, பறையிசையை எல்லாப் பிள்ளைகளும் கற்று, அடிகளை எண்ணி, தாளத்தைப் பகுத்து அறிவார்களாயின் அது கலையும் கணக்கும் ஆகும். பிறப்பு நோக்கி ஒரு பிள்ளையை மட்டும் அழைத்து அடிக்கச் சொன்னால் அது பழைய அடிமை முறையே. இம்மூன்று வினாக்களையும் கேட்கக் கற்ற பெற்றோர் ஒருநாளும் ஏமாறார்.

வகுப்பறையில் நிகழ்வது

இனி முதல் வினாவிற்கு வருவோம். விளையாட்டில் படிப்பு எங்கே உள்ளது? எம் பள்ளியில் நாள்தோறும் நடப்பவற்றுள் சிலவற்றைக் கூறுவோம்.

கழித்தல் கணக்கில் குழந்தைகள் பெரிதும் இடறுவது 'கடன் வாங்கும்' இடத்தில். 32இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லி, இரண்டில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்கின்றோம். "கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டாமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கடனின் கொடுமையை வீட்டில் அறிந்த குழந்தை வேறு எவ்வாறு கேட்கும்? அதற்கு விடை துடைப்பத்து ஈர்க்குச்சியில் உள்ளது. பத்துப் பத்தாகக் கட்டிய மூன்று கட்டுகளும் இரண்டு தனிக் குச்சிகளும் 32. தனிக் குச்சிகள் போதாமையால் ஒரு கட்டை அவிழ்க்கிறாள். இப்போது தனிக் குச்சிகள் பன்னிரண்டு. ஏழை எடுக்க எஞ்சுவது ஐந்து. மீதமுள்ள இரண்டு கட்டுகளில் ஒன்றை எடுக்க எஞ்சுவது ஒன்று. விடை பதினைந்து. இங்கே எவரும் எவரிடமும் கடன்படவில்லை; தன்னிடம் இருந்த கட்டையே அவள் அவிழ்த்தாள். ஒருமுறை கையால் அவிழ்த்த குழந்தை பின்னர்த் தாளில் போடும்போதும் தடுமாறுவதில்லை.

அளவைப் பாடம் அவ்வாறே. உயர்ந்த குவளையிலும் அகன்ற கிண்ணத்திலும் ஒரே அளவு நீரை ஊற்றி எதில் மிகுதி என்று கேட்டால், சிறு குழந்தைகள் உயர்ந்த குவளையையே காட்டும். அவர்களே மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்து உண்மை காண்பர். இதனை வெறும் விளையாட்டு என்று நம் மக்கள் எண்ணலாகாது. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற வாய்பாட்டை அறியாத காலத்தில் கூலி நெல்லை அளந்து போட்டவர் கையையே நம் முன்னோர் நம்பி நிற்க வேண்டியிருந்தது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் இடையே 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. அங்கே பேசப்பட்ட கூலி படியில் அளக்கப்பட்ட நெல்லே. அளக்கத் தெரிந்த கையும், அளவு சரியா என்று கேட்கத் துணிந்த நாவும் நமக்குத் தேவை. இரண்டும் தொடக்கப் பள்ளியிலேயே உருவாதல் வேண்டும்.

பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நட்டு மணிக்கு ஒருமுறை அதன் நிழல் நுனியில் கல் வைக்கச் செய்கின்றோம். நிழல் குறுகிப் பின் நீள்வதைக் குழந்தைகள் காண்கின்றனர். மிகக் குறுகிய நிழல் வடக்கு தெற்காகக் கிடப்பதைக் கண்டு திசை அறிகின்றனர். நம் மாநிலத்தின் பெரும்பாலான ஊர்களில் ஏப்ரலில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் கதிரவன் நேர் உச்சிக்கு வருவதால் நண்பகலில் கோலின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். அந்நாளைத் தாமே கண்டறிந்த பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் ஒளியை எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் தருவதில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஊர்ப்படம் வரைகின்றனர். பள்ளியிலிருந்து ஏரிக்கரை எத்தனை அடி, நியாய விலைக் கடை எத்தனை அடி, காலனி எத்தனை அடி என்று நடந்து அளந்து தரையில் சுண்ணக்கட்டியால் வரைவர். வரைந்து முடித்தபின் வினாக்கள் எழும். காலனி மட்டும் ஊரைவிட்டு விலகி இருப்பது ஏன்? சுடுகாட்டிற்கு இரண்டு வழிகள் இருப்பது ஏன்? இவ்வினாக்களைக் கேட்பவர் நம் பிள்ளைகள் மட்டுமல்லர். ஊர்த்தெருப் பிள்ளைகளும் கேட்கின்றனர். படத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த பாடத்திற்குப் போகும் ஆசிரியர் அன்று கல்வியைத் துடைத்துவிட்டார் எனலாம். அமர்ந்து விடை கூறும் ஆசிரியரே ஆசிரியர்.

முழுக் குழந்தை

கை பழகினால் போதுமா? போதாது. பள்ளிக்கு வருவது கையும் மூளையும் மட்டுமன்று. வயிறும் வருகின்றது, அச்சமும் வருகின்றது. பசித்த குழந்தைக்கு நிழற்கோல் எதனைச் சொல்லும்? 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும், 2022இல் மு.க.ஸ்டாலின் ஆட்சியில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தன. இவற்றைப் பசிக்குத் தந்த உதவி என்று மட்டும் கொள்ளுதல் குறைபாடுடையது. ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே பாத்திரத்து உணவை உண்பதும் ஒரு பாடமே. சமைத்த கை எக்குலத்துக் கை என்று வினவித் தம் பிள்ளைகளை உண்ணவிடாது தடுத்த பெற்றோரைப் பற்றிய செய்திகள் இந்நூற்றாண்டிலும் வெளிவந்தன. ஆகவே அப்பாடம் இன்னும் முடியவில்லை.

அச்சத்தைப் போக்குதல் அடுத்த கடமை. வகுப்பின் கடைசி வரிசையில் வாய்திறவாது அமரும் குழந்தை அறிவற்றதன்று. தன் பேச்சு வழக்கைக் கேட்டுப் பிறர் நகைப்பரோ என்று அஞ்சுகின்றது. அக்குழந்தையை நாற்று முளைத்த கதையைச் சொல்லச் சொன்னால், நண்டு வளையின் அமைப்பைச் சொல்லச் சொன்னால், வகுப்பே வாய்பிளந்து கேட்கும். வீட்டில் கற்ற அறிவு பள்ளியில் மதிக்கப்படுமாயின் குழந்தை நிமிர்ந்து அமரும். நிமிர்ந்து அமர்ந்த குழந்தை எழுத்தையும் விரைந்து பற்றிக்கொள்ளும்.

சட்டமும் இதனையே கூறுகின்றது. 2009இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தையின் அனைத்து வளர்ச்சியையும், செயல் வழியாகவும் கண்டறிதல் வழியாகவும் கற்பதையும், அச்சமற்ற சூழலையும் வலியுறுத்துகின்றது. 17ஆம் பிரிவு உடலையும் மனத்தையும் வருத்தும் தண்டனையைத் தடை செய்கின்றது.

தமிழ்நாட்டு முயற்சிகள்

நம் மாநிலத்தில் இக்கல்வி புதியதன்று. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்று, 2007இல் மாநிலம் முழுவதும் 37,000க்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிக் குழந்தைகளோடு தரையில் வட்டமாக அமர்ந்தார். ஒவ்வொரு குழந்தையும் அட்டைகளைத் தானே எடுத்து, ஏணிப்படிபோல் படிப்படியாகத் தன் விரைவிற்கேற்ப முன்னேறியது. சுவரின் அடிப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கினர். பலகையருகே சென்றாலே தீட்டு என்று கருதப்பட்ட அண்ணலின் காலத்தையும், ஒவ்வொரு குழந்தையும் தன் இடத்தில் எழுதிய இக்காலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறைகளும் இருந்தன. அட்டை எண்ணைத் தாண்டுவதே கல்வி என்ற நிலை சில இடங்களில் உண்டாயிற்று. கையில் பொருளின்றி அட்டை மட்டும் இருந்தால் அதுவும் மற்றொரு மனப்பாடமே. பல வகுப்புகளை ஒருவரே நடத்தும் பள்ளிகளில் ஆசிரியர் தவித்தார். வீட்டுப்பாடம் இல்லையே என்று பெற்றோர் பலர் கட்டணப் பள்ளிகளை நாடினர். 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது நம் தெருக்களிலும் தன்னார்வலர் திண்ணைகளில் பாடம் நடத்தினர். 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்துக் கற்பிக்க முற்பட்டது. திட்டங்களின் பெயர் மாறும். குழந்தையின் கையில் பொருள் இருக்கின்றதா, நாவில் வினா இருக்கின்றதா என்பதே நாம் காண வேண்டுவது.

நாம் ஆற்ற வேண்டியவை

இளைஞர்களே! வெள்ளி விழா ஆண்டில் இக்கழகம் மேற்கொள்ளத் தக்க சிலவற்றைக் கூறி அமைகின்றோம்.

முதலாவது, கழகத்தின் மாலை வகுப்பில் ஒரு தகரப் பெட்டி வையுங்கள். அதில் அளவு நாடா, தராசு, எடைக்கற்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி, காந்தம், வெப்பமானி, உலக உருண்டை, பழைய கடிகாரம் ஒன்று, ஈர்க்குச்சிக் கட்டுகள், களிமண் ஆகியன இருக்கட்டும். பெட்டிக்குப் பூட்டு வேண்டா. உடைந்துவிடும் என்று பூட்டி வைத்த பொருளும் ஒரு வகையில் தீண்டாமைக்கு ஆட்பட்டதே.

இரண்டாவது, நம் தெருவில் கொத்தனார் உளர், மின்பணியாளர் உளர், செவிலியர் உளர், வங்கிப் பணியில் இருப்பவரும் உளர். திங்களுக்கு ஒருவர் வந்து தம் கருவிகளைக் குழந்தைகள் கையில் தந்து விளக்கட்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டும் இரசமட்டமும் கணிதப் பாடங்கள். எல்லாத் தொழிலையும் எல்லாக் குழந்தைகளும் காணும்போது, இது இன்னார்க்குரியது என்னும் எண்ணம் தானே தளரும்.

மூன்றாவது, கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராய் இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாய் இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினர்க்கு உரிய இடம் உண்டு. நம் தாய்மார்கள் அக்கூட்டத்திற்குத் தவறாது செல்லட்டும். கையொப்பம் மட்டும் இட்டுத் திரும்ப வேண்டா. வகுப்பைக் கூட்டுவது யார், முன்வரிசையில் அமர்வது யார், ஆய்வுப் பொருள்கள் அலமாரியில் உள்ளனவா, குழந்தைகள் கையில் உள்ளனவா என்று கேட்கட்டும்.

நான்காவது, பட்டம் பெற்ற இளைஞர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலையேனும் சிறு பிள்ளைகளோடு தரையில் அமருங்கள். பாடம் சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் செய்வதைப் பார்த்து, ஏன் என்று கேட்டால் போதும்.

நம் முன்னோர் கைகள் ஏரி வெட்டின, கரை கட்டின, நெல் விளைத்தன, தோல் பதப்படுத்தின. அக்கைகளுக்குத் தெரிந்த அறிவை எவரும் அறிவென்று ஏற்கவில்லை. இன்று நம் குழந்தை தன் கையால் தொட்டு, தன் அறிவால் ஆராய்ந்து, தன் வாயால் கேட்கும் நிலை வருமாயின், கையையும் அறிவையும் பிரித்து வைத்த அமைப்பு தன் அடித்தளத்தை இழக்கும். இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணி அதுவாக அமைக.